சரிக்கட்டு டெய்லர் கொடுத்த பெனால்டி

திண்டிவனம் மேம்பாலத்திலிருந்து விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் கால்பந்து ஆடிய எவனை வேண்டுமானாலும் நிறுத்தி, நீ பார்த்ததிலேயே படுமட்டமான ரெஃப்ரி யார் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொல்வார்கள். சாதி, கட்சி, நடிகர் என்று எதிலும் ஒன்றுசேராத இந்த ஜில்லா அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தது. அவர் பெயர் சரிக்கட்டு டெய்லர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மற்ற ரெஃப்ரிகளை ஆட்டம் முடிந்ததும் ஒரு கட்சி திட்டும், இன்னொரு கட்சி டீ வாங்கிக் கொடுக்கும். இவரை இரண்டு கட்சியும் திட்டும். டீயை இவரே வாங்கிக் குடிப்பார். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. "ஒருத்தன் மட்டும் திட்னா நான் தப்பு பண்ணியிருக்கேன். ரெண்டு பேரும் திட்றான்னா கரீட்டா ஊதியிருக்கேன்னு அர்த்தம்" என்பார். மனிதனுக்கு வெட்கம் இல்லாவிட்டால் அதற்கு ஈடாகக் கடவுள் ஒரு தத்துவத்தைக் கொடுத்துவிடுகிறார்.

சரிக்கட்டு என்ற பெயர் தையல் மிஷினில் ஆரம்பித்தது. திண்டிவனத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவருக்கு ஒரு மிஷின் அகலத்தில் கடை. லாட்ஜில் யாரோ விட்டுப் போன பேன்ட் ஒன்று எனக்குக் கிடைத்தது. அப்போது எனக்கு இருந்த ஒரே பேன்ட் அதுதான். நீளம் அதிகம் என்று அவரிடம் கொடுத்தேன். வலது காலைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டார். அதைச் சரிக்கட்ட இடது காலை வெட்டினார். இடது அதிகம் குட்டையாகிவிட்டது. மறுபடி வலது. சாயந்திரம் நான் போனபோது அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. என்ன சார் இது என்று கேட்டதற்கு, டேப்பை என் கையில் கொடுத்து, "ரெண்டு காலும் ஒரே அளவு. வேணும்னா அளந்து பாத்துக்க" என்றார். அளந்தேன். ஒரே அளவுதான்.

தப்பு என்ற சொல்லைத் தன்னைப் பற்றிப் பேசும்போது அவர் பயன்படுத்தியதில்லை. அவரைப் பொறுத்தவரை, ஒரு பக்கம் பிசகினால் மறு பக்கமும் அதே அளவுக்குப் பிசகிவிட வேண்டும். அவ்வளவுதான் நியாயம். இப்படிப்பட்ட ஒருவர் கையில் விசிலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஏன் கொடுத்தார்கள் என்றால், அவர் சும்மா வந்தார். முறையான ரெஃப்ரிகளுக்கு பஸ் காசு, டிபன், மாலையில் ஒரு சால்வை என்று செலவு உண்டு. இவர் தன் மொபெட்டில், தானே தைத்த கறுப்பு டிராயரில், கழுத்தில் விசிலும் இஞ்ச் டேப்புமாக வந்து இறங்குவார். ஒருமுறை விழுப்புரத்தில் நடந்த ரெஃப்ரி பயிற்சி முகாமுக்குப் போய், அங்கே கொடுத்த சான்றிதழைக் கடையில் முருகன் படத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவே மாட்டியிருந்தார். கலந்துகொண்டார் என்றுதான் அதில் போட்டிருந்தது. தேறினார் என்று இல்லை. நான் கோல்கீப்பராக நின்ற திண்டிவனம் மார்க்கெட் அணியில் அதையெல்லாம் நின்று படிக்கிற ஆள் கிடையாது.

டேப் எதற்கு என்று கேட்பீர்கள். ஃப்ரீ கிக் கொடுத்தால் எதிரணி ஆட்கள் பத்து கஜம் தள்ளி நிற்க வேண்டும் அல்லவா. மற்ற ரெஃப்ரிகள் காலடியால் எட்டுவைத்துக் காட்டிவிடுவார்கள். இவர் குனிந்து புல்லில் டேப்பை விரித்து, விரலால் அழுத்தி, மறுபடி விரித்து, ஜாக்கெட் துணி அளப்பதுபோல் அளப்பார். கடல்காற்று வந்து டேப்பைத் தூக்கும். முதலிலிருந்து ஆரம்பிப்பார். உதைக்க வேண்டியவன் உட்கார்ந்துவிடுவான். ஜனங்கள் இன்னொரு பொட்டலம் அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்கி உரிக்க ஆரம்பிப்பார்கள். இத்தனை பாடுபட்டும் தூரம் ஒவ்வொரு தடவையும் வேறாகத்தான் வரும்.

இதைவிட மோசம், ஃபவுலையும் அவர் தையல் அளவை வைத்தே தீர்மானித்தார். ஜில்லாவில் பாதி ஆட்டக்காரர்களின் அளவு அவர் தலையில் இருந்தது. விழுப்புரம் ஜங்ஷன் அணியில் மணி என்று ஒரு ஃபார்வர்டு, நல்ல ஆட்டக்காரன். அவனை எங்கள் ஃபுல்பேக் ஏழுமலை காலை விட்டுத் தட்டிச் சாய்த்தான். தட்டிய சத்தம் எனக்கே கேட்டது. டெய்லர் ஓடிவந்து ஏழுமலையின் காலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவனுக்கு உள்கால் அளவு இருபத்தாறு இஞ்சுதான். நீ வுழுந்த எடத்துக்கு எட்டாது. எழுந்து ஆடு" என்றார். மணி தன் முழங்காலில் வழிந்த ரத்தத்தைக் காட்டினான். "அது பழைய காயமா இருக்கும்" என்றார்.

அணிகளுக்கு ஜெர்சியும் அவர்தான் தைத்தார். தன்னிடம் தைத்த அணிக்குச் சாதகமாக ஊதுகிறார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, தன்னிடம் தைத்தவர்களையே போட்டு வாட்டுவார். பட்டன் வைத்த காலர் ஜெர்சி தைத்துக்கொண்ட ஓர் அணிக்கு ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி எதிராகக் கொடுத்தார். அதன்பின் போட்டி நெருங்கும் மாதங்களில் எவனும் அந்தச் சந்துப் பக்கமே போவதில்லை. கிழிந்த பனியனோடு ஆடினோம்.

ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுவான். கோட்டக்குப்பம் அணியின் கேப்டன் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம், நிஜமான பூட்ஸ் போட்டு ஆடியவர். டெய்லரின் சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். முதலில் ஏமாற வேண்டும், அப்போதுதான் கடைசியில் லாபம் என்று தன் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். டெய்லர் ஆரம்பத்தில் உங்களுக்கு எதிராக ஒன்று தப்பாக ஊதிவிட்டால், கடைசி நேரத்தில் அதே அளவுக்கு உங்களுக்கு ஒன்று வந்து சேரும். அப்போது எதிரணிக்குத் திருப்பி அடிக்க நேரம் இருக்காது. அதனால் கோட்டக்குப்பம் பையன்கள் சுத்தமான கோலைப் போடும்போதுகூடக் கையை உடம்போடு ஒட்டி ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். டெய்லர் கையில் பட்டது என்று ஊதிவிடுவார். உடனே அவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள். எதிரணி டெய்லர் காலில் விழாத குறையாக, அது கோல்தான் சார், தயவுசெய்து கொடுத்துவிடுங்கள் என்று மன்றாடும். தனக்கு எதிரான கோலுக்காக ஓர் அணி கெஞ்சியதை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

ஒருமுறை யாரோ போனில் வீடியோ எடுத்துவந்து நீட்டினார்கள். அவர் கோல் என்று ஊதிய பந்து கோட்டைத் தாண்டவே இல்லை, பளிச்சென்று தெரிந்தது. டெய்லர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "போனு எந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்துச்சி?" என்று கேட்டார். ஜங்ஷன் பக்கம் என்றார்கள். "அப்போ போனு அவங்க ஆளு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், லாரி கிளீனராக ஆந்திரா போனேன், செங்கல் சூளையில் மழை வரும்வரை இருந்தேன். சில இடத்தில் துரத்தினார்கள், சில இடத்தில் நானே கிளம்பினேன். திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு கோடையில். மரக்காணம் பக்கத்திலிருந்து தர்பூசணி லோடு வரும். லாரி மேலிருந்து ஒருவன் வீச, கீழே நிற்பவன் பிடித்து அடுத்தவனுக்கு வீசுவான். கீழே விட்டால் கூலியில் பிடிப்பார்கள், கூலி போனால் ராத்திரிச் சாப்பாடு போகும். அதனால் நான் விடுவதில்லை. இதைப் பார்த்த லோடு மேஸ்திரி சேகர் அண்ணன்தான் மார்க்கெட் அணிக்குக் கேப்டன். என்னைக் கோலில் நிறுத்தினார். தர்பூசணி பிடித்த கைக்குப் பந்து பூ மாதிரி.

அந்த வருடம் நாங்கள் அரையிறுதி ஜெயித்தபோது வளவனூரைத் தாண்டி இருந்த ஒரு நூல் மில்லின் சூப்பர்வைசர் வந்திருந்தார். மில்லுக்கு ஓர் அணி இருந்தது. அதன் கீப்பர் சிங்கப்பூர் போய்விட்டான். சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபைனல் ஜெயிச்சி கப்போட வாப்பா, வேல ரெடி. தோத்துட்டு வந்தா மட்டும் முடியாது. எங்க மொதலாளி ராசி பாக்கற ஆளு, தோத்த கீப்பர கேட்டுக்குள்ளயே வுட மாட்டாரு" என்றார். நிரந்தர வேலை. கேன்டீன் சாப்பாடு. தங்க ஓர் அறை.

நான் அப்போது மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள்மேல் படுத்துக்கொண்டிருந்தேன். லோடு போய்விட்டால் தரை. அறை என்றால் கதவு இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது எப்படி இருக்கும் என்று ஃபைனல் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபைனல் விழுப்புரத்தில், ரயில்வே லைனை ஒட்டிய மைதானத்தில். எங்களுக்கு எதிரே ஜங்ஷன் அணி. வருவதாக இருந்த நல்ல ரெஃப்ரிக்கு மச்சினிச்சி கல்யாணம் வந்துவிட்டது. மொபெட் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தோம். கறுப்பு டிராயர். சேகர் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கோல் வலை என்று கட்டியிருந்தது பொம்மையார்பாளையத்து மீனவர்கள் கழித்துப் போட்ட பழைய மீன்வலை. பக்கவாட்டில் தலை நுழைகிற அளவு ஓட்டை. முதல் பாதியில் எங்கள் ஆள் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போய், அந்த ஓட்டை வழியாகப் புகுந்து வலைக்குள் படுத்துக்கொண்டது. டெய்லர் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்தார். பந்து உள்ளே கிடப்பதைப் பார்த்தார். கோல் என்று ஊதிவிட்டார்.

எங்களில் ஒருத்தனும் குதிக்கவில்லை. குதித்தது ஜங்ஷன்காரர்கள். சேகர் அண்ணன் டெய்லரை நோக்கி ஓடினார்.

"சார், அது கோலு இல்ல சார். ஓட்ட வழியா பூந்துச்சி. நாங்களே சொல்றோம்."

"ஊதனது ஊதனதுதான். ஆட்டத்த ஆடு."

"எங்களுக்கு அந்த கோலு வேணாம் சார்."

"வேணும் வேணாம்னு சொல்றதுக்கு இது இன்னா பந்தியா? போய்யா."

இடைவேளையில் சேகர் அண்ணன் எங்களைக் கூட்டி உட்காரவைத்தார். இந்தப் பாக்கியைக் கடைசி நிமிஷம்வரை வைத்திருந்தால் செத்தோம், இப்போதே ஜங்ஷனுக்கு ஒரு பெனால்டி கொடுத்துவிட்டால் கணக்குத் தீரும், அப்புறம் ஒழுங்காக ஆடி ஜெயிக்கலாம் என்றார். எல்லோருக்கும் சரியாகப் பட்டது. எங்கள் ஊர்க் கால்பந்தை டெய்லர் எந்தக் கதிக்குக் கொண்டுவந்திருந்தார் பாருங்கள். இரண்டாம் பாதி ஆரம்பித்ததும் ஏழுமலை எங்கள் கோலுக்கு முன்னாலேயே, பறந்துவந்த பந்தை இரண்டு கையாலும் பிரசாதம் வாங்குவதுபோல் வாங்கினான். வாங்கி, டெய்லருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினான்.

சனியன் அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஒருத்தன், "யோவ் டெய்லரு, சரிக்கட்டுயா" என்று கத்தினான். டெய்லருக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் சரிக்கட்டுகிற ஆள் இல்லை என்று ஜனங்களுக்குக் காட்ட வேண்டுமாம். "பந்துதான் வந்து கையில பட்டுச்சி. ஆடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். ஏழுமலை பந்தைக் கட்டிப்பிடித்தபடியே நின்றான். இனி ஜங்ஷனுக்கு ஒன்றல்ல, இரண்டு பாக்கி. மைதானத்தில் மல்லாட்டை விற்ற அம்மாவுக்குக்கூட அது தெரிந்திருந்தது.

முதல் பாக்கி கடைசி நிமிஷங்களில் வந்தது. மணி எங்கள் கோலுக்கு முன்னால் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஈ, எறும்பு இல்லை. விசில். பெனால்டி.

"இன்னா சார்?" என்று மணியே கேட்டான்.

"உன்ன தள்ளிட்டான்."

"யாரு சார்?"

"குடுத்தத வாங்கிக்கினு போவியா, கேள்வி கேட்டுக்கினு."

மணி அடித்தான். வலது பக்கம் பாய்ந்து பிடித்தேன். எங்கள் ஆட்கள் கத்தியது ரயில் சத்தத்துக்கு மேல் கேட்டது. விசில். கீப்பர் முன்னாலேயே நகர்ந்துவிட்டானாம், திரும்ப அடிக்க வேண்டுமாம். திரும்ப அடித்தான். இடது பக்கம், தாழ்வாக, நல்ல அடி. அதையும் பிடித்தேன். விசில். தான் ஊதுவதற்கு முன்பே அடித்துவிட்டானாம். உள்ளே போகிறவரைக்கும் இது ஓயாது என்பது எனக்கு அப்போது விளங்கிவிட்டது. விளங்கினாலும் கை சும்மா இருக்குமா. மூன்றாவதுக்கும் பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டு உள்ளே போனது.

நடுவில் பந்தை வைத்து மறுபடி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பெனால்டியையும் ஊதினார். இந்தத் தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. கோல். இரண்டுக்கு ஒன்று, தோற்றோம். உடனே ஆட்டம் முடிந்தது என்று நீளமாக ஊதிவிட்டு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தேன். மில் சூப்பர்வைசர், கப் கொடுப்பதற்கு முன்னாலேயே பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் டெய்லரைச் சுற்றிக்கொண்டு அவர் பரம்பரையைத் தோண்டி எடுத்தார்கள். அவர் அசையவில்லை. "அங்க ரெண்டு, இங்க ரெண்டு. சரியாப் போச்சி" என்றார். எனக்குக் கத்துகிற பழக்கம் இல்லை. கத்தினால் எந்த முதலாளியும் கூலியைக் கூட்டித் தந்ததில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"சார், நான் ரெண்டு பெனால்டி புடிச்சனே. அத்த எதுல சேத்தீங்க?"

சுருட்டிக்கொண்டிருந்த டேப் கையிலிருந்து நழுவிப் புல்லில் விரிந்தது. துணியை வெட்டிய பிறகு போதாது என்று கண்டுகொண்ட டெய்லரின் முகம் அது. குனிந்து அதை எடுத்துக்கொண்டே, "மேச்சு முடிஞ்சிபோச்சேப்பா" என்றார்.

அந்த மூளைக்கு அதுதான் பெரிய ஆபத்து. ஆட்டம் முடிந்துவிட்டது, ஒரு பக்கம் குட்டையாக நிற்கிறது, வெட்ட மறுபக்கம் இல்லை.

நாலைந்து நாளில் மார்க்கெட்டுக்கு வந்து ஒரு புதுப் பேன்ட்டை என் மடியில் போட்டார். காசு வேண்டாம் என்றார். போட்டுப் பார்த்தேன். இரண்டு காலும் கணுக்காலைத் தொட்டன. பயமாக இருந்தது. பேன்ட் எனக்கு எதற்கு சார், போனது வேலை என்று மில் விஷயத்தைச் சொன்னேன். கதவு போட்ட அறையையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மறுநாளே மொபெட்டை எடுத்துக்கொண்டு வளவனூருக்குப் போய், மில் கேட்டில் நின்று, அந்தப் பையன் இரண்டு பெனால்டி பிடித்தவன், தோற்றவன் கணக்கில் வராது என்று வாதாடியிருக்கிறார். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். கழுத்தில் டேப். யூனிஃபார்ம் விஷயமாக வந்த டெய்லர் என்று நினைத்து உள்ளே கூட்டிப் போய், மில் அணி முழுவதற்கும் ஜெர்சி தைக்க ஆர்டர் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு வேலை கேட்கப் போன மனிதர் தனக்கு வேலை வாங்கிக்கொண்டு திரும்பினார். மார்க்கெட்டே காறித் துப்பியது.

தைத்தாரே, அதைச் சொல்ல வேண்டும். கப்போடு போய் அந்த மில் வேலையில் சேர்ந்தவன் ஜங்ஷன் கீப்பர், நிலைக்கதவு மாதிரி ஆள். கீப்பர் சட்டையை டெய்லர் என் அளவில் தைத்துவிட்டார். அவன் தலைகூட அதற்குள் நுழையவில்லை. சூப்பர்வைசர் கூச்சல் போட்டதற்கு, "கீப்பர் அளவு இதான். நீங்க ஆள மாத்திட்டீங்க, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றாராம். வேண்டுமென்றே செய்த வேலை. ஆர்டரை ரத்து செய்து, எல்லாச் சட்டையையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். மொபெட்டின் பின்னால் மூட்டையாகக் கட்டி எடுத்துவந்தார். கீப்பர் சட்டையை மட்டும் என்னிடம் நீட்டினார். மஞ்சள் நிறம், முதுகில் மில் பெயர், ஒன்றாம் எண். வேலை இல்லாமல் மில் சட்டை போட்ட ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான். வெங்காய மூட்டைமேல் அதைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். குளிருக்கு நன்றாக இருந்தது.

அதோடு விட்டாரா. எனக்கு வேலை தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டார். விழுப்புரத்தில் ஒரு லாட்ஜில் சேர்த்துவிட்டார். பந்தல் போடுகிறவரிடம் சேர்த்துவிட்டார். மரக்காணம் உப்பளத்தில் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றிலாவது நிலைத்திருப்பேன். வாரா வாரம் பார்க்க வருவார். முதலாளி என்னைத் திட்டியது தெரிந்தால், அதே அளவுக்கு முதலாளியைத் திட்டிவிட்டுப் போவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். லாட்ஜ் முதலாளி என்னைச் சோம்பேறி என்று சொன்னதற்கு, வாசலில் நின்று அவரையும் சோம்பேறி என்றார். அன்று சாயந்திரம் நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றேன்.

இந்த மனிதரின் உதவியிலிருந்து தப்பிக்கத்தான் நான் திருப்பூருக்கு ஓடினேன். அப்புறம் ஓசூர், கொச்சி, மறுபடி திருப்பூர். என் நம்பரை எவனிடமோ வாங்கி, எங்கே இருந்தாலும் பிடித்துவிடுவார். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்கிற ஜென்மம் இல்லை அது. "அங்க டீமு இருக்குதா? கோல்ல நிக்கிறியா?" என்பார். இல்லை சார் என்பேன். "ஜல்தியா பாரு" என்று வைத்துவிடுவார். சில நாள் டிவியில் வெளிநாட்டு ஆட்டம் பார்த்துவிட்டுப் போன் போட்டு ஒரு பாட்டம் பொருமுவார். "ஊதிட்டு, சரியா தப்பான்னு ஓரத்துல வச்ச டிவி பொட்டியப் போய் பாக்கறான்பா. அவன் கண்ண அவனே நம்பல. பெரிய பேஜாரு." கொச்சியில் கட்டடத்தின் எட்டாவது மாடியில் நின்று நான் இதைக் கேட்க வேண்டியிருந்தது.

இந்தப் பொங்கலுக்குத் திண்டிவனம் வந்திருந்தேன். காணும் பொங்கலன்று பழைய மார்க்கெட் அணிக்கும் பழைய ஜங்ஷன் அணிக்கும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். எல்லோருக்கும் தொப்பை. பண்டிகை நாளில் ரெஃப்ரி யாரும் கிடைக்கவில்லை, அதாவது, யார் கிடைப்பார் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து பச்சைக் கண்ணாடி போட்டிருந்தார். மொபெட்டில் யாரோ கூட்டிவந்து இறக்கினார்கள். டிராயர் அதே டிராயர். நான் மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தேன். வயிற்றில் பிடித்தது. என்னைக் கண்ணாடிக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "தையல் வுடல பாரு" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் மாடு மேய்வதுபோல் நடந்துகொண்டிருந்தது. பந்து நடு மைதானத்தில் கிடந்தது, யாரும் யாரையும் தொடவில்லை. திடீரென்று விசில். டெய்லர் ஜங்ஷன் கோலைக் காட்டிப் பெனால்டி என்றார். காட்டிய கையாலேயே, மறுகோடியில் நின்ற என்னைக் கூப்பிட்டார். கீப்பர் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். மணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனான்.

"இன்னா சார், எதுக்கு பெனால்டி?"

"பழசு."

"எந்தப் பழசு சார்?"

"நவுருப்பா."

நான் மைதானம் முழுக்க நடந்து போனேன். பந்தை அவரே குனிந்து வைத்தார். நிமிர்வதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே காதோரம், "அடி. உள்ள போற வரைக்கும் அடி. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அடித்தேன். கம்பத்துக்கு வெளியே போனது. விசில். "கீப்பர் நவுந்துட்டான்." ஜங்ஷன் கீப்பர் கம்பத்தில் சாய்ந்து மல்லாட்டை தின்றுகொண்டிருந்தான். மறுபடி அடித்தேன். இன்னும் வெளியே. விசில். "நான் ஊதறதுக்கு முன்னாடியே அடிச்சிட்டான்." அவனுக்கு முட்டி போய்விட்டது, வயசாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்று சேகர் அண்ணன் வெளியிலிருந்து கத்தினார். கத்தட்டும்.

மூன்றாவது முறை பந்தை வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். ஜங்ஷன் கீப்பருக்குப் போன் வந்து, திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தான். கோல் முழுக்கத் திறந்து கிடந்தது. டெய்லர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பச்சைக் கண்ணாடி வழியாகப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்விட்டால் அந்த மனிதருக்கும் எனக்கும் நடுவில் பாக்கி என்று ஒன்றும் இருக்காது. அப்புறம் நான் எந்த ஊரில் கிடந்தாலும் கோலில் நிற்கிறாயா என்று எவன் போன் போட்டுக் கேட்கப்போகிறான்?

கோலைத் தாண்டி ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதைப் பார்த்து ஓங்கி அடித்தேன்.